டூப்ளிகேட் கிளாஸும் உரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணமும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஹார்ட்டு போடணும்.

எல்இடி போர்டுல ஓடுற செவப்பு ஹார்ட்டுங்க. "ரம்யா வெட்ஸ் கார்த்திக்"னு ஓடுறதுல அந்த "வெட்ஸ்"ஸத் தூக்கிட்டு, அந்த எடத்துல ஒரு ஹார்ட்டு. அவ்வளவுதான் வேல.

தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன். எங்க வீட்டுக்காரரு அருளப்பன் இலுப்பூர்ல மைக் செட்டு, சீரியல் லைட்டு கட வச்சிருக்காரு. நான் வீட்ல ஒக்காந்து ஒரு சென்னை கம்பெனிக்கு மொபைல் ஆப் எழுதுற வேல பாக்குறேன்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் ஆப் பண்ற. கட்டுன புருசனுக்கு ஒண்ணு பண்ணக் கூடாதா?"ன்னு அவரு ஒரு நா கேட்டுட்டாரு.

ரோசம் வந்து பண்ணிக் குடுத்தேன். போன்ல பேர அடிச்சா ப்ளூடூத் வழியா அவரு எல்இடி போர்டுல ஓடும்.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? கல்யாண வீட்டுக்காரங்க பேர வாட்ஸப்புல அனுப்புவாங்க, இவரு அத காப்பி பண்ணுவாரு. அதனால ஆப்பத் தொறந்தவொடனே, கடைசியா காப்பி பண்ணது எதுவோ, அது தானாவே போர்டுக்குப் போயி ஓட ஆரம்பிச்சிரும். ஒரு பட்டன்கூட அமுக்க வேணாம்.

"ஒன் மூளையே மூள ஜெசி!"ன்னாரு.

நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன்.

அன்னைக்குக் காலையில உரக்கட முத்தையா அண்ணன் போன் பண்ணாரு. சாயங்காலம் அவரு மக ரம்யாவுக்கு மாப்ள அழைப்பு, மறுநா கல்யாணம்.

"தம்பி, அந்த வெட்ஸ் வேணாம்ப்பா. எம்மவ ஹார்ட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. போட முடியுமா?"

"அதெல்லாம் நம்ம வீட்லயே ஆளு இருக்குண்ணே!"ன்னு எங்க வீட்டுக்காரரு மார தட்டிட்டு, போன வச்சுட்டு, என்னப் பாத்தாரு.

"முடியும்ல?"

"ஒரு ஹார்ட்டுதானங்க? டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிருவேன்."

எந்த டீன்னு நான் சொல்லல.

ஆப்புல ஹார்ட்டு மாதிரி படமெல்லாம் போடணும்னா, வேற யாராவது எழுதி வச்ச ஒரு பேக்கேஜ நம்ம ஆப்புக்குள்ள கூப்ட்டுக்கணும். நம்ம ஆப்பு அத நம்பி ஓடும். அதுக்குத்தான் டிபென்டன்சின்னு பேரு. சொந்தக்காரங்களக் கூப்புடற கததான். பெரியப்பா ஒருத்தருக்குப் பத்திரிக வச்சா முடிஞ்சிருமா? "சின்னவனக் கூப்டியா? அவன் வந்தாத்தான் நான் வருவேன்"ம்பாரு. சின்னவர்ட்ட போனா, "அந்த மச்சான் வாராருன்னா நான் பந்தில ஒக்கார மாட்டேன்"ம்பாரு.

மத்தியானம் சோறு தின்னுட்டு தெம்பா ஒக்காந்தேன். ஒரே ஒரு வரி சேத்தேன். ஹார்ட்டு பேக்கேஜு. எல்லாத்தையும் சேத்து ஆப்பாக் கட்டுன்னு பில்ட் குடுத்தேன்.

செவப்பு எழுத்துல வந்து நின்னுச்சு. "எனக்கு இதவிடப் புது ஆண்ட்ராய்டு வேணும்."

சரின்னு ஏத்துனேன்.

"புது ஆண்ட்ராய்டா? அப்ப பில்ட் பண்ற பிளகினும் புதுசா இருக்கணும்."

ஏத்துனேன்.

"புது பிளகினா? அப்ப கிரேடிலும் புதுசா இருக்கணும்."

கிரேடில்ங்கிறது எல்லாத்தையும் ஒண்ணு கூட்டி ஆப்பாக் கட்டித் தர்ற சாமான். ஆண்ட்ராய்டு பக்கம் போனா அதக் கும்புடாம போக முடியாது. நான் எழுதுறது ஒரே தடவ எழுதுனா ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் ஓடுற ஃப்ரேம்வொர்க்குங்க. "ஒரு தடவ எழுதுனாப் போதும்"னு சொன்னவன், எத்தன தடவ பில்ட் பண்ணணும்னு மட்டும் வாயத் தொறக்கல.

ஆபீஸ்ல கூட வேல பாக்குற ஷர்மிளாவுக்குப் போனப் போட்டேன்.

"ஷர்மி, கிரேடில் வர மாட்டேங்குதுடி! பழைய கிரேடில் பத்தாதாம், புது கிரேடில் கேக்குது!"

அடுப்படியில பாத்திரம் வெளக்குற சத்தம் நின்னு போச்சு.

எங்க மாமியாளுக்கு இங்கிலீஷு அவ்வளவா வராது. ஆனா பேரப் பயலுகளுக்கு ரைம்ஸ் சொல்லிக் குடுத்துக் குடுத்து, கிரேடில்னா தொட்டிலுன்னு மட்டும் நல்லாத் தெரியும்.

கையில நொரையோட வந்து நின்னாங்க.

"ஏத்தா ஜெசி, மூணாவதா?"

"அய்யோ அத்த! இது கம்ப்யூட்டர்ல உள்ள கிரேடிலு!"

"பழைய தொட்டிலுக்கு என்ன கொற? பரண் மேலதான கெடக்கு. ரெண்டு பயலும் அதுலதான ஆடுனானுக?"

"அத்த, தொட்டில் இல்லத்த!"

"சொல்ல வெக்கப்பட்டா விடு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அடுத்து நான் தண்ணி குடிக்க எந்திரிக்கயில பக்கத்து வீட்டு அக்கா செவுத்துக்கு மேலாக மாங்கா நீட்டுனாங்க. உப்பு மொளகாப்பொடி போட்டு.

வாங்கித் தின்னேன். என்ன பண்ணச் சொல்றீங்க? நல்ல மாங்கா.

புது கிரேடில் எறங்குச்சு. எறங்குனவொடனே அது வாயத் தொறந்துச்சு. "ஒங்க ஜாவா பழசு."

ஜாவா எறக்குனேன். இப்ப அந்தப் பக்கம் போர்டோட பேசுற ப்ளூடூத் பேக்கேஜு மல்லாந்துருச்சு. அத எழுதுனவரு கைவிட்டுப் போயி பல வருசம் ஆச்சு. அந்தப் பேக்கேஜோட வெப் பக்கத்துல போயிப் பாத்தா, "அண்ணே இருக்கீங்களா?", "யாராச்சும் இருக்கீங்களா?", "எனக்கும் இதே பிரச்சன"ன்னு வரிசையா ஆளுக எழுதி வச்சிருக்காங்க. எழவு வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருந்துச்சு. நானும் போனதுக்கு "எனக்கும்"னு ஒண்ணு எழுதி வச்சுட்டு வந்தேன்.

"பேசாம பழையபடி விட்ருக்கலாமே ஜெசி?"ன்னு நீங்க கேப்பீங்க.

விடலாம்தான். பழசச் சேமிச்சு வச்சிருந்தா விடலாம். ஒரு ஹார்ட்டுக்கு எதுக்குச் சேமிக்கணும்னு நெனச்ச மகராசி நான்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த ப்ளூடூத் பேக்கேஜச் சரி பண்ணி வேற பேருல போட்டு வச்சிருந்தான். அதக் கொண்டாந்து சேத்தேன். பில்ட் குடுத்தேன். ஓடுது... ஓடுது... கடைசில போயி விழுந்துச்சு.

"டூப்ளிகேட் கிளாஸ்."

அதாவது என்னன்னா, போர்டு செஞ்ச கம்பெனிக்காரன் ஒரு பேக்கேஜு குடுத்திருந்தான். அது சத்தமில்லாம பழைய ப்ளூடூத்தையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து உள்ள ஒக்கார வச்சிருக்கு. நான் வேற புதுசக் கூட்டியாந்துட்டேன். ஒரே பேருல ரெண்டு பேரு. யாரக் கூப்புடறதுன்னு தெரியாம ஆப்பு முழிக்குது.

அந்த எர்ரர் மொத்தத்தையும் ஷர்மிளாவுக்கு வாட்ஸப்புல அனுப்புனேன். பதிலக் காணோம். போன எடுத்து, அந்த மெசேஜ அப்படியே காப்பி பண்ணி ஆபீஸ் குரூப்புலயும் போட்டேன்.

இந்தக் காப்பிய ஞாபகம் வச்சுக்கங்க மக்களே. நான் வச்சுக்கல.

கொஞ்ச நேரத்துல ஷர்மிளா கூப்ட்டா. "அக்கா, பழச வெளியேத்தி விடுக்கா. ஒரு வரிதான்."

ஒரு வரி எழுதி பழச வெளியேத்துனேன். பில்ட் குடுத்தேன்.

பச்சை எழுத்து! ஆப்பு கட்டியாச்சு!

நான் போட்ட சத்தத்துல மாமியா ஓடி வந்து, "பாத்துத்தா, இப்ப குதிக்கக் கூடாது"ன்னாங்க.

எங்க வீட்டுக்காரருக்குப் போனப் போட்டேன். "ஆப்பு அனுப்பிருக்கேன், போட்டுப் பாருங்க!"

"போடுறேன்... ஏய், 'இந்த போன்ல இத இன்ஸ்டால் பண்ண முடியாது'ங்குது."

பாத்தா, ஹார்ட்டு பேக்கேஜு கேட்டுச்சேன்னு, எந்த ஆண்ட்ராய்டுக்குக் கீழ உள்ள போன்ல ஆப்பு ஓடக் கூடாதுங்குற எல்லையையும் நான் மேல ஏத்தி வச்சிருக்கேன். அவரு போன் அதுக்கும் கீழ. அவரு கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குன போனு.

"பரவால்லங்க. பழைய ஆப்பே இருக்கட்டும். வெட்ஸ்னே ஓட்டிருவோம். முத்தையா அண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன்."

அங்கிட்டு அவரு ஏணிய விட்டு எறங்குற சத்தம் கேட்டுச்சு.

"என்னங்க?"

"பழசத் தூக்கிட்டேனே."

"ஏன்?"

"நீதான் புதுசு தாரேன்னியே. எடம் பத்தாதேன்னு முன்னாடியே அழிச்சு வச்சேன்."

புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பழசு வேணாம்னு ஒரே மனசா முடிவு எடுத்தது எங்க கல்யாணத்துக்கப்பறம் அதுதான் மொத தடவ.

"சரி, என் போன்ல ஓடுது. நானே வாரேன்."

நைட்டிய மாத்தி ஒரு நல்ல சேலயச் சுத்திக்கிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குப் பறந்தேன்.

வாசல்ல எங்க வீட்டுக்காரரு பெரிய ஆர்ச்சு கட்டியிருந்தாரு. சுத்தியும் சீரியல் லைட்டு, உச்சியில எல்இடி போர்டு கருப்பா, வெறுமனே. நல்லாப் பொழுது எறங்கிருச்சு. முத்தையா அண்ணன் பட்டு வேட்டியில அங்கிட்டும் இங்கிட்டுமா நடந்துக்கிட்டிருந்தாரு. மாப்ள வீட்டுக்காரங்க திருமயம் பக்கம். மாப்ளயோட அப்பாவும் தாய்மாமனும் முன்னாடியே வந்து வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாங்க.

அந்தத் தாய்மாமன் பேரு தமிழரசன் சார். இங்கிலீஷு வாத்தியாரு.

"வாம்மா, வாம்மா!"ன்னாரு முத்தையா அண்ணன். "ஊர்வலம் பிள்ளையார் கோயில்ல இருந்து கெளம்பிருச்சு. எம்மவ மாடியில இருந்து போர்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா. போட்டு விடும்மா!"

"இந்தாண்ணே, ஒரே நிமிசம்!"

ஆப்பத் தொறந்தேன். என் புத்திசாலித்தனம் வேலையக் காட்டுச்சு. ஒரு பட்டன்கூட அமுக்கல.

போர்டு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. செக்கச்செவேல்னு, ஒரு ஆளு ஒசர எழுத்துல, இங்கிலீஷுல ஓட ஆரம்பிச்சுச்சு.

"ஃபெயிலியர்."



"பில்ட் ஃபெயில்டு... டூப்ளிகேட் கிளாஸ் ஃபவுண்ட்..."

ஆபீஸ் குரூப்புல போட்டேன்ல, அந்தக் காப்பி. முழுசும். ஒரு எழுத்து விடாம.

மாப்ளயோட அப்பா நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு. "மச்சான், என்னவோ ஃபெயிலுன்னு ஓடுதே?"

தமிழரசன் சார் கண்ணாடியப் போட்டாரு. தொண்டையக் கனச்சாரு. கிளாஸ்ல பாடம் எடுக்குற மாதிரியே ஆரம்பிச்சாரு.

"ஃபெயிலியர். தோல்வி. டூப்ளிகேட், போலி. கிளாஸ்னா வகுப்பு. ஃபவுண்ட்..." ஒரு நிமிசம் நிறுத்துனாரு. "கண்டுபிடிக்கப்பட்டது!"

"யாரு வகுப்பு?"

"நம்ம கார்த்திக் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு பத்திரிகையில போட்டோம்ல மாமா? அது டூப்ளிகேட்டாம்."

பொண்ணு வீட்டுப் பக்கம் நின்ன ஒரு சித்தப்பா காதுல இது விழுந்துருச்சு. "அப்பவே நெனச்சேன்! பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலன்னாங்க, யாரு போயிப் பாத்தா? சர்ட்டிபிகேட் டூப்ளிகேட்டாம்ல!"

அதுக்குள்ள மாப்ள வீட்டுப் பொம்பளைங்க பக்கம் டூப்ளிகேட்டுங்கிற வார்த்த மட்டும் போயிச் சேந்துருச்சு. அங்க சர்ட்டிபிகேட் இல்ல.

"நகை டூப்ளிகேட்டாம்டி!"

"எந்த நக?"

"பொண்ணுக்குப் போட்டிருக்கறது! போர்டுலயே போட்டுட்டாங்களாம்!"

"ஏண்டி, அவங்க நகை டூப்ளிகேட்னா அவங்களே ஏன் போர்டுல போடுறாங்க?"

"மனசாட்சி உறுத்தியிருக்கும்."

நான் ஆப்ப மூடிட்டு, புதுசாத் தொறந்தா நின்னுரும்னு மறுபடி தொறந்தேன். தொறந்தா என்ன பண்ணும்? கடைசியா காப்பி பண்ணத அனுப்பும்! மறுபடியும் மொதல்ல இருந்து, "ஃபெயிலியர்!"

கையால பேர அடிப்போம்னு ரம்யான்னு அடிச்சு, அந்த ஹார்ட்டு பட்டனத் தொட்டேன். ஆப்பு செத்துருச்சு. தொறந்தேன். "ஃபெயிலியர்!"

எங்க வீட்டுக்காரரு ஓடியாந்தாரு. "ஏய் ஜெசி, என்ன ஓட்டுற?"

"நான் ஓட்டல, அதுவா ஓடுது! லைனப் புடுங்குங்க!"

"ஆர்ச்சு, மைக்கு எல்லாம் ஒரே லைனு! புடுங்குனா வாசல் பூராவும் இருட்டாயிரும். மாப்ள கார் தெரு மொனையில திரும்பிருச்சு பாரு!"

ஆமா. பேண்டு சத்தம் காது கிழியுது. பூ ஒட்டுன கார் வருது.

எங்க வீட்டுக்காரரு ஏணியப் போட்டு ஏறி, தோள்ல கெடந்த துண்ட எடுத்து போர்டு மேல விரிச்சாரு. போர்டுல பாதிதான் மறஞ்சுச்சு. ஓடுற எழுத்துக்குப் பாதி எதுக்கு? துண்டுக்கு இந்தப் பக்கம் உள்ள போயி அந்தப் பக்கம் வெளிய வந்துச்சு.

தமிழரசன் சாரு விடல. "அடுத்து வருது பாருங்க. கோ டு த டாக்குமென்டேஷன். அதாவது, பத்திரத்தப் போயிப் பாரு!"

மாப்ளயோட அப்பாவுக்கு மொகம் செவந்து போச்சு. "எந்தப் பத்திரம்? என் தோட்டம் பட்டாவோட இருக்குய்யா!"

"இருங்க மாமா, இன்னும் இருக்கு. டிபென்டன்சி. சார்ந்து வாழ்தல்..." சாரு கண்ணாடியக் கழட்டிட்டாரு. "வீட்டோட மாப்ளன்னு சொல்றாங்க மாமா."

"யாரு? எம்மவனா? முத்தையா!"

முத்தையா அண்ணன் மொகத்த என்னால பாக்க முடியல. அந்த மனுசன் யாரையும் அதிந்து பேச மாட்டாரு. மாடியில ரம்யா வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறா. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சுங்க. சிரிச்சுக்கிட்டே எழுதுறேன், ஆனா அந்த நிமிசம் ஒரு பொண்ணோட கல்யாணத்த ஒரு ஹார்ட்டுக்காகக் கெடுத்துட்டோமேன்னுதான் தோணுச்சு.

மைக்க எடுத்தேன். எனக்கு மைக்குல பேசத் தெரியாது. மைக் செட்டுக்காரரு பொண்டாட்டின்னாலும்.

"எல்லாருக்கும் வணக்கங்க. இந்தப் போர்டுல ஓடுறது மாப்ளயப் பத்தி இல்லைங்க. பொண்ணப் பத்தியும் இல்ல, நகையப் பத்தியும் இல்ல, தோட்டத்தப் பத்தியும் இல்ல. கம்ப்யூட்டரு என்னத் திட்டுன திட்டுங்க. மத்தியானத்துல இருந்து திட்டுது. அத நான் தெரியாம இங்க போட்டுட்டேன்."

கூட்டம் போர்ட விட்டுட்டு என்னப் பாத்துச்சு.

தமிழரசன் சார் மட்டும் கேட்டாரு. "அப்ப நீங்கதான் ஃபெயிலாம்மா?"

"ஆமா சார்."

"எந்த சப்ஜெக்ட்?"

அதுக்குள்ள கார் வாசல்ல வந்து நின்னுருச்சு. கார் கண்ணாடி எறங்குச்சு. மாப்ள கார்த்திக் கோட்டு சூட்டு, மாலையோட தலைய வெளிய நீட்டி போர்டப் பாத்தாரு.

பாத்தாரு. படிச்சாரு. முழுசாப் படிச்சாரு.

அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க! மால குலுங்குது, கார் குலுங்குது, முன்னாடி சீட்டுல இருந்த டிரைவருக்கு என்னன்னே தெரியாம அவரும் சிரிக்கிறாரு. கைய நீட்டி என்னக் கூப்டாரு.

"அக்கா, ப்ளூடூத் பேக்கேஜா?"

"ஆமா தம்பி!"

"கைவிட்டுப் போனாரே ஒருத்தரு, அவரோடதா?"

"ஆமா தம்பி!"

"நானும் அங்க போயி 'எனக்கும்'னு எழுதி வச்சிருக்கேன்க்கா!"

எனக்கு அவரக் கட்டிப் புடிச்சு அழணும் போல இருந்துச்சு. கூடப் பொறந்தவனக் கண்ட மாதிரி.

ஆரத்தித் தட்டு வச்சிருந்த பொம்பளைங்க முன்னாடி வந்தாங்க. கார்த்திக் "ஒரு நிமிசம்த்த"ன்னு அவங்கள நிறுத்திட்டு, கார் ஜன்னல் வழியா என் போன வாங்குனாரு. நான் ஜன்னல்ல தலைய விட்டுக்கிட்டு நடந்தத மூச்சு விடாம ஒப்பிச்சேன். பின்னாடி பேண்டுக்காரங்க என்ன பண்றதுன்னு தெரியாம வாசிச்ச பாட்டையே மறுபடி வாசிக்கிறாங்க. ஆரத்தித் தட்டுல கற்பூரம் அதுபாட்டுக்கு எரியுது.

"அக்கா, தொறந்தா கடைசியா காப்பி பண்ணதுதான போகுது?"

"ஆமா."

"அப்ப வேற எதையாச்சும் காப்பி பண்ணுங்க."

நான் அவரப் பாத்தேன். மத்தியானம் பூரா கிரேடில், ஜாவா, பிளகின்னு மலையத் தூக்கி மலையில வச்சவளுக்கு இது தோணல.

"என்னத்தக் காப்பி பண்ண?"

"எதையாச்சும்! அங்க மாமா அடுத்த வரிய மொழிபெயர்க்கப் போறாரு, சீக்கிரம்!"

வாட்ஸப்பத் தொறந்தேன். மேலாக இருந்த மெசேஜ அழுத்திப் புடிச்சு காப்பி பண்ணேன். ஆப்பத் தொறந்தேன்.

"ஃபெயிலியர்" போயிருச்சு. போர்டுல அழகான தமிழ் எழுத்து ஓட ஆரம்பிச்சுச்சு.

"பால் பொங்கிருச்சு..."

கூட்டத்துல ஒரு பெரியம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "நல்ல வார்த்த! பாத்தியா, நல்ல சகுனம்!"

"பால் பொங்கிருச்சுன்னு போட்டிருக்காங்க! என்ன மங்களகரமா இருக்கு!"

மாப்ளயோட அப்பா மொகமே மாறிப்போச்சு. முத்தையா அண்ணனும் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "வாங்க சம்பந்தி, வாங்க"ன்னு கையப் புடிச்சாரு.

எனக்கு மட்டும் தெரியும், அது எங்க மாமியா பேசப் பேச போனே எழுத்தாக்கி அனுப்புன மெசேஜு. நான் கெளம்புற அவசரத்துல அடுப்புல பால வச்சுட்டு வந்துருக்கேன். அந்த மெசேஜு அந்த எடத்தோட முடியலைங்கிறதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"...அடுப்பு பூராவும் நாறிப்போச்சு..."

பெரியம்மா கன்னத்துல இருந்து கைய எடுத்தாங்க.

மாப்ள கார்ல இருந்து எறங்கி வலது கால எடுத்து ஆர்ச்சுக்குள்ள வைக்கிறாரு. தலைக்கு மேல ஓடுது.

"...அடுப்ப அமத்தாம எங்க போயித் தொலஞ்ச?"

ரம்யா மாடியில இருந்து சிரிச்ச சிரிப்பு தெரு பூராவும் கேட்டுச்சு. மாப்ள அண்ணாந்து போர்டப் பாத்துட்டு, மாடியப் பாத்து, "வந்துட்டேன், வந்துட்டேன்!"னாரு. அவ்வளவுதான், ரெண்டு வீட்டுக் கூட்டமும் சேந்து சிரிச்சுருச்சு. இவ்வளவு நேரம் நகை, சர்ட்டிபிகேட்டுன்னு பேசுனவங்க எல்லாம், "நான் அப்பவே சொன்னேன், கம்ப்யூட்டர் கோளாறுன்னு"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க.

அப்பறம் நிதானமா பேரக் காப்பி பண்ணேன். முத்தையா அண்ணன் அனுப்பி, எங்க வீட்டுக்காரரு எனக்குத் தள்ளி விட்டிருந்த மெசேஜு, நடுவுல ஹார்ட்டோட. ஆப்பத் தொறந்தேன்.

"ரம்யா", அப்பறம் ஒரு சதுரம், அப்பறம் "கார்த்திக்".

தமிழரசன் சார் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல வந்தாரு. "நடுவுல ஏம்மா ஒரு பொட்டி?"

"அது ஹார்ட்டு சார்."

"ஓ."

"போர்டுக்கு ஹார்ட்டு தெரியாதாம் சார். தெரியாததுக்கெல்லாம் பொட்டியப் போட்டுருமாம்."

இத்தன பேக்கேஜையும் ஏத்தி எறக்குனேனே, அந்தப் போர்டு ஹார்ட்டக் காட்டுமான்னு மொதல்ல ஒரு தடவ பாத்திருக்கலாம்ல? பாக்கல.

"பரவால்லம்மா"ன்னாரு சாரு. "பொட்டின்னா சீதனம்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

மறுநா கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. பந்தியில மாப்ள எங்கிட்ட வந்து, "அக்கா, ஹார்ட்டப் படமா மாத்தி அனுப்புனா ஓடும். லேப்டாப் இருந்தா இப்பவே..."ன்னு ஆரம்பிச்சாரு. ரம்யா ஒரு பார்வ பாத்தா. சாம்பார் ஊத்துனவரே ஒதுங்கிட்டாரு. மாப்ள எலையப் பாத்துச் சாப்ட்டாரு.

இலுப்பூர் கடவீதியில இப்பவும் என்னப் பாத்தா "டூப்ளிகேட் கிளாஸ் அக்கா"ன்னுதான் கூப்புடறாங்க. பக்கத்து வீட்டு அக்கா இன்னமும் என் வயித்தையே பாக்குறாங்க. நாள் கடந்து போச்சேன்னு அவங்களுக்கு ஒரே கவல.

எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் கல்யாணத்துக்கு போர்டே மாட்டுறதில்ல. தெர்மாகோல்ல எழுத்து வெட்டி, ஜிகினா தூவி, தட்டியில ஒட்டிர்றாரு. ஹார்ட்டும் வெட்டுறாரு. நல்லாவே வருது.

"பாத்தியா? தெர்மாகோலு எதையும் அப்டேட் பண்ணச் சொல்றதில்ல. ஒரே ஒரு டிபென்டன்சிதான், பசை"ன்னு எனக்கே பாடம் எடுத்தாரு.

இன்னைக்கு ஒரு காதுகுத்து ஆர்டரு, பசை வாங்கப் போன மனுசன் இன்னும் வந்து சேரல.